ஹில்ஸ்பரோ மைதானம் புகட்டும் நீதி

ஒரு பந்தாட்ட மைதானத்தைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நமது வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால், இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தின் சரித்திரம் வெறும் விளையாட்டின் சரித்திரமன்று. பொய்யுரைத்த அதிகாரவர்க்கத்தை எதிர்த்து எளிய ஜனங்கள் 27 வருஷகாலம் தளராது வழக்காடிய சரித்திரமும் அதுவே. ஆகவே அதனைச் சற்று விவரமாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

ஷெபீல்டு எஃகுத் தொழிலுக்குப் பெயர்போன நகரம். அங்கே 1820இல் ஒரு கிரிக்கெட் சங்கம் தோன்றிற்று. அதனைச் சேர்ந்தவர்களுக்குப் புதன்கிழமை அரைநாள் ஓய்வு, அன்றே ஆடினர், அக்கிழமையின் பெயரே சங்கத்தின் பெயருமாயிற்று. 1867இல் அச்சங்கத்தார் ஏற்படுத்திய கால்பந்துக் கிளையே இன்றும் வெட்னெஸ்டே என்ற பெயரால் விளங்குவது. பழைய மைதானத்தை ரயில்வேயின் தேவைக்காக விட்டுக்கொடுக்க நேர்ந்ததால், 1899இல் அவர்கள் டான் நதிக்கரையில் ஓவ்லர்டன் என்னுமிடத்தில் குடியேறினர். 1914இல் அதற்கு ஹில்ஸ்பரோ என்ற பெயர் வந்தது. 1934 பிப்ரவரி 17ஆம் தேதி அங்கே கூடியவர் தொகை 72,841. 1966இல் உலகக் கோப்பைப் பந்தயங்கள் சிலவும் அங்கு நடைபெற்றன. கீர்த்தியுள்ள மைதானம் என்பதில் ஐயமில்லை.

எனினும் அக்கீர்த்திக்கு அடியில் ஓர் அபாயம் மறைந்திருந்தது. குறைந்த கட்டணம் செலுத்தியோர் நின்றுகொண்டே பார்க்கும் படிக்கட்டுகளைச் சுற்றி இரும்பு வேலிகள் எழுப்பப்பட்டன. ரசிகர்களிடையே அக்காலத்தில் கலகம் மிகுந்திருந்தது உண்மையே. ஆனால் அதற்குக் கண்ட பரிகாரம், மனிதரை மந்தையாகப் பட்டியில் அடைப்பதேயாயிற்று. 1981இல் அங்கே நடந்த அரையிறுதிப் பந்தயத்தில் நெரிசலுண்டாகி 38 பேர் காயமடைந்தனர். அவ்வெச்சரிக்கையை எவரும் உள்ளபடி உணரவில்லை. அதன் பின்னர் குறுக்கு வேலிகள் வேறு சேர்ந்தன. 1979இல் அளிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழோ திருத்தப்படாமலே கிடந்தது.

1989 ஏப்ரல் 15ஆம் தேதி லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் பாரஸ்டுக்கும் அரையிறுதிப் பந்தயம். நின்று பார்க்கச் சீட்டு வாங்கிய லிவர்பூல் ரசிகர் 10,100 பேருக்கு ஏழே சுழல்வாயில்கள். வெளியே நெருக்கடி முற்றவே, பிற்பகல் 2-52க்குப் பெரிய கதவொன்றைத் திறக்கப் போலீஸ் தலைவர் உத்தரவிட்டார். உள்ளே நேரெதிரே இருந்த சுரங்கவழியை அடைக்க மட்டும் எவரும் நினைக்கவில்லை. ஏற்கனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளில் மேலும் பலநூறு பேர் போய் விழுந்தனர். இரு பக்கத்துப் பட்டிகளிலோ இடமிருந்தது! ஆட்டம் தொடங்கி ஆறு நிமிஷத்தில் நிறுத்தப்பட்டது. அந்நெரிசலால் இறந்தோர் தொகை, 2021இல் காலமான ஒருவரையும் சேர்த்து, 97. அவர்களுள் மிக இளையவன் பத்து வயதுப் பாலகன்.

விபத்தினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. ரசிகர்களே கதவை உடைத்து நுழைந்தனர் என்று அப்போலீஸ் தலைவர் அன்றே பொய் கூறினார். இறந்தோர் இரத்தத்தில், குழந்தைகள் உட்பட, மது உண்டா என்று சோதித்தனர். நான்கு நாள் கழித்து 'ஸன்' பத்திரிகை, 'உண்மை' என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களைக் கொள்ளையிட்டதாக எழுதிற்று. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் இதை வெட்கத்துடனேயே குறிப்பிடுகிறோம். லிவர்பூல் ஜனங்கள் பலர் அப்பத்திரிகையைக் கையாலும் தொடாமல் பகிஷ்கரித்தனர்.

நீதிபதி டெய்லர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, போலீஸாரின் நிர்வாகத் தவறே பிரதான காரணமென்று அறிக்கை தந்தார். அப்படியிருந்தும் 1991இல் மரண விசாரணை ஜூரிகள் தற்செயலான மரணமென்றே முடிவு கூறினர். மாலை 3-15க்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பற்றிய சாட்சியத்தை விசாரணை அதிகாரி ஏற்கவில்லை. பல குடும்பங்கள் கைப்பணத்தைச் சேர்த்து ஒரே பாரிஸ்டரை அமர்த்தின. எதிர்ப்பக்கத்தில் அரசாங்கப் பணத்தில் அமர்ந்த வக்கீல்கள். இது சமமான வழக்காகுமா?

தாய்மாரும் தந்தைமாரும் அயர்ந்துவிடவில்லை. 2012இல் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு தஸ்தாவேஜுகளை வெளியிட்டது. போலீஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தமையும், தக்க வைத்தியம் கிடைத்திருப்பின் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்பதும் அம்பலமாயின. பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். ஹைகோர்ட்டு பழைய முடிவை ரத்து செய்தது. புதிய விசாரணையில், 2016 ஏப்ரல் 26ஆம் தேதி, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்மீது குற்றமில்லை என்றும் ஜூரிகள் கூறினர்.

தண்டனையோ? போலீஸ் தலைவரை 2019இல் குற்றமற்றவரென ஜூரிகள் விடுவித்தனர். வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கு 2021இல் வீழ்ந்தது. டெய்லர் விசாரணை நீதிமன்றமன்றாதலால், அதற்கனுப்பிய வாக்குமூலத்தைத் திருத்துவது நீதியைக் கெடுத்த குற்றமாகாதென்பது நீதிபதி கண்ட நியாயம்! சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாயிருக்கலாம். அப்படியாயின் குறை சட்டத்தினுடையது. உத்தியோகஸ்தர் உண்மையை மறைத்தலாகாதென்றும், துயருற்ற குடும்பங்களுக்குச் சம அளவில் சட்ட உதவி வேண்டுமென்றும் கூறும் மசோதா 2025இல் பார்லிமெண்டில் கொணரப்பட்டதற்கு இதுவே காரணம்.

வேலிகள் இங்கிலாந்து மைதானங்களிலிருந்து அகன்றன. பெரிய மைதானங்களில் நின்ற படிக்கட்டுகள் இருக்கைகளாயின. இரும்பு வேலியைப் பெயர்க்க ஆண்டுகள் அதிகமாகவில்லை. அதிகாரவர்க்கம் தன்னைச் சுற்றிக் கட்டிய பொய்வேலியைப் பெயர்க்கவோ 27 வருஷமாயிற்று. அதைப் பெயர்த்தவர்கள் மந்திரிகளல்லர், நீதிபதிகளல்லர். பிள்ளையைப் பறிகொடுத்த சாமானிய ஜனங்களே. பொதுக்காரியத்தில் ஈடுபடுவோர் அனைவரும் இதை நெஞ்சில் நிறுத்துவாராக.