தூண் யாருடையது?

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி. நள்ளிரவு கழிந்து மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில், மியாமி நகருக்கு அருகே சர்ப்சைடு என்று ஒரு சிற்றூர். கடற்கரை ஓரத்தில் 12 மாடிக் கட்டிடம் ஒன்று. "சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத்" என்று பெயர். அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில், நீச்சல் குளத்தை ஒட்டியிருந்த தளம் உள்ளே இறங்கியது. அதற்குக் கீழே கார்கள் நிறுத்தும் இடம். சில நிமிஷங்களில் கட்டிடத்தின் நடுப்பகுதி சரிந்தது. மூச்சு விடும் நேரத்தில் கடல் பக்கத்துப் பகுதியும் அதோடு சேர்ந்து விழுந்தது. மொத்தம் 136 வீடுகள். அவற்றில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. 98 பேர் இறந்தார்கள். பள்ளிக்குப் போகும் குழந்தைகளும் உண்டு. எண்பது வயது தாண்டியவர்களும் உண்டு.

அன்று பூகம்பம் இல்லை. புயல் இல்லை. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. ஏழைகள் நெருங்கிக் குடியிருந்த ஒண்டுக்குடித்தனமும் அல்ல அது. கோடி ரூபாய் கொடுத்து வீடு வாங்கியவர்கள் இருந்த இடம்.

கட்டிடத்தில் கோளாறு இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். பணம் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களேதான். பிறகு ஏன் வேலை நடக்கவில்லை?

பொதுப் பணம், பொதுச் சந்தேகம்

தனி வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறுவார்; அல்லது கொத்தனாரைக் கூப்பிடுவார். அடுக்கு மாடியில் அப்படி முடியாது. நாலு சுவருக்குள் இருப்பது உங்களுடையது. தூண், மொட்டை மாடி, மாடிப்படி, லிப்ட், தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் அத்தனை பேருக்கும் சொந்தம். கவனிப்பதற்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு கமிட்டி. கமிட்டியின் கையில் மாதச் சந்தாப் பணம்.

பொதுப் பணம் என்றதும் சந்தேகமும் கூடவே வந்துவிடும். "காரியதரிசி தம் மைத்துனருக்குக் காண்டிராக்ட் கொடுத்துவிட்டாரோ?" "கீழ்த்தளத்துக்குச் சலவைக்கல் போட யாரைக் கேட்டார்கள்?" இந்தக் கேள்விகளைத் தப்பு என்று சொல்ல முடியாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பணம் கரைந்துபோவது உலகம் கண்ட கதைதான்.

ஆகவே கமிட்டிக்குக் கடிவாளம் போடுகிறார்கள். புளோரிடா சட்டத்தில் இந்தக் கடிவாளங்கள் பல உண்டு. பத்துக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டிடத்தில், ஒரு வேலைக்கான தொகை ஆண்டு பட்ஜெட்டில் 100-க்கு 5 பங்கைத் தாண்டினால், கமிட்டி போட்டி விலை கேட்டுத்தான் காண்டிராக்ட் கொடுக்க வேண்டும். பொது இடத்தைப் பெரிய அளவில் மாற்றி அமைப்பதென்றால், கட்டிடத்தின் மூலப் பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, 100-க்கு 75 ஓட்டு வேண்டும். ஆண்டுச் சந்தா போன வருஷத்தைவிட 100-க்கு 15-க்கு மேல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கமிட்டி மாற்று பட்ஜெட்டையும் முன்வைத்தாக வேண்டும்.

அவசியமான பழுது வேலை இதில் சேராது. அது சங்கத்தின் கடமை. தூணில் விரிசல் கண்டால், அதை அடைக்க 100-க்கு 75 பேர் கை தூக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சங்கடம். கமிட்டிக்காரர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. அதே கட்டிடத்தில் குடியிருப்பவர்கள். சம்பளம் கிடையாது. லிப்டில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும். "உங்கள் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் டாலர்" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் பறித்துவிடும்!

என்ஜினீயர் வந்தார்

அந்தக் கட்டிடம் 1981-ல் கட்டி முடிந்தது. 40 வருஷம் ஆன கட்டிடங்களைச் சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது அப்போது அந்த வட்டாரத்து விதியாக இருந்தது. அதற்கு முன்னேற்பாடாக, 2018-ல் சங்கத்தார் ஒரு என்ஜினீயர் கம்பெனியை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

அறிக்கை அக்டோபர் மாதம் வந்தது. நீச்சல் குளத் தளத்தில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு கெட்டுவிட்டது. தளம் சரிவாக இல்லாமல் சமமாகப் போடப்பட்டிருக்கிறது. அதனால் மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் தேங்கிக் கீழே கசிகிறது. தளத்துக்கு அடியில் கான்கிரீட் பெரிய அளவில் சேதமாகியிருக்கிறது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் தூண்களும் உத்தரங்களும் விரிசல் விட்டுச் சிதைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் செப்பனிட 90 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். அன்றைய மதிப்பில் 65 கோடி ரூபாய்க்குக் குறையாது.

கட்டிடம் விழப்போகிறது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு உள்ளூர் நகரசபை அதிகாரி ஒருவர் வந்தார். கட்டிடம் நல்ல நிலையில் இருப்பதாக அவர் சொன்னார் என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு யார்தான் பர்சைத் திறப்பார்கள்?

விவாதம் நீண்டது. இவ்வளவு வேலை தேவைதானா? விலையைக் குறைத்துச் செய்ய முடியாதா? புறம்பேச்சும் மனக்கசப்பும் வளர்ந்தன. 2019-ல் கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சில வாரங்களுக்குள் ராஜினாமா செய்தார்கள். தலைவரும் அவர்களில் ஒருவர்.

கசியும் தண்ணீர் ஓட்டெடுப்புக்காகக் காத்திருக்குமா? கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். கடற்கரையில் உப்புக் காற்று வேறு. முதல் வருஷம் பூச்சு வேலையோடு போகிற பழுது, சில வருஷம் கழித்து தூணையே உடைத்துக் கட்டுகிற வேலையாகிவிடும்.

2021 ஏப்ரலில் புதிய தலைவர் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதினார். சேதம் வேகமாகப் பெருகிவிட்டது என்றார். செலவு இப்போது 150 லட்சம் டாலர். 110 கோடி ரூபாய்! சிறிய வீட்டுக்காரருக்குப் பங்கு சுமார் 80 ஆயிரம் டாலர். உச்சி மாடிப் பெரிய வீட்டுக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். ஜூலை 1-ந் தேதி முதல் கட்ட வேண்டும்.

கட்டிடம் விழுந்தது அதற்கு ஒரு வாரம் முன்பு.

"வேண்டாம்" என்று ஓட்டு

சங்கத்திடம் சேமிப்பு இல்லையா? இருந்தது. 10 லட்சம் டாலர்கூட இல்லை.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கூரை மாற்றுவது, வண்ணம் பூசுவது, பாதை போடுவது, மற்றும் 10 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகக்கூடிய பெரிய பழுதுகள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் அப்போதே சொன்னது. அதே சட்டம் பின்கதவையும் திறந்து வைத்திருந்தது. கூட்டத்தில் பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டால், அந்த வருஷம் ஒதுக்க வேண்டியதில்லை! அடுத்த வருஷமும் அப்படியே ஓட்டுப் போடலாம். அதற்கு அடுத்த வருஷமும் போடலாம். மாநிலம் முழுவதும் பல கட்டிடங்களில் இது வருஷாந்தரச் சடங்காகவே இருந்தது.

செலவழிக்க விரும்பிய கமிட்டிக்கு இத்தனை கடிவாளம். செலவழிக்காமல் இருக்க விரும்பிய கூட்டத்துக்கோ ஒன்றும் கிடையாது.

அவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி ஒரு வீடு வாங்கி, பென்ஷனில் காலம் தள்ளுகிற 80 வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் கழித்துப் போடப்போகும் கூரைக்கு இன்று ஏன் பணம் கட்ட வேண்டும்? அவர் கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. "அடுத்த வருஷம் விற்றுவிட்டுப் போகிறேன்" என்கிறவரும் அதையே கேட்பார்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 150 லட்சம் டாலரை 136 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால், வீட்டுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர் சொச்சம். 40 வருஷம் என்றால் 480 மாதம். மாதத்துக்கு 230 டாலர்தான் வருகிறது. வட்டியும் விலைவாசியும் கணக்கில் சேரவில்லை. 230 டாலரும் கைக்குக் கசக்கும். என்றாலும் ஒரே கடிதத்தில் வரும் லட்சம் டாலர் போல் நெஞ்சை அடைக்காது.

பழி முழுவதையும் தாமதத்தின் மேல் போட முடியாது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிபுணர்கள் இடிபாடுகளைப் பல வருஷம் சோதித்தார்கள். குளத்துத் தளம் கட்டும்போதே தேவையான பலத்தோடு வடிவமைக்கப்படவில்லை என்று கண்டார்கள். பின்னால் வைத்த செடித் தொட்டிகளும் மேலே பரப்பிய மணலும் தளக்கற்களும் பாரத்தை இன்னும் ஏற்றியிருந்தன. செடித் தொட்டி கண்ணுக்கு அழகு. தரைக்கு அடியில் பூசும் பூச்சை யாரும் பார்க்கப் போவதில்லை. எந்தச் செலவு சீக்கிரம் தலையில் ஏறும் என்பதை நாமே யூகிக்கலாம்.

உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும் வீடிழந்தோருக்குமாக 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்க 2022-ல் சமரசம் ஏற்பட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகையைப் போல் அது ஏறக்குறைய 70 மடங்கு.

பின்கதவு மூடியது

அதே 2022-ல் புளோரிடா புதிய சட்டம் கொண்டுவந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டிடங்களை 30 வருஷத்தில் சோதிக்க வேண்டும். பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை. கூரை, தூண், அஸ்திவாரம், தண்ணீர் தடுப்பு போன்றவற்றுக்கான ஒதுக்கீட்டை "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டுத் தள்ளும் உரிமை 2024 டிசம்பர் கடைசி நாளோடு போய்விட்டது.

இதனால் எல்லோருக்கும் சந்தோஷமா என்றால், இல்லை. பல கட்டிடங்களில் சந்தா மளமளவென்று ஏறியது. பல வருஷம் ஒதுக்காமல் விட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றது. கட்ட முடியாத முதியவர்கள் வீட்டை விற்கப் புறப்பட்டார்கள். பழைய கட்டிடத்தில் வீடு வாங்க ஆள் வரத் தயங்கியதால் விலையும் இறங்கியது. கூக்குரல் எழுந்தது. 2025-ல் சட்டத்தைச் சிறிது தளர்த்தினார்கள். ஒதுக்கீட்டுப் பணத்தைக் கடன் வாங்கியும் நிரப்பலாம். அதற்கு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். என்ன பொருள்? இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று தீர்மானிக்க ஓட்டு உண்டு. வருஷா வருஷம் ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லத்தான் ஓட்டு இல்லை.

புதிய சட்டத்தில் இன்னொரு சிறிய ஏற்பாடும் உண்டு. சோதனை செய்தவர் தம் அறிக்கையைச் சுருக்கமாகவும் எழுதித் தர வேண்டும். அதை ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் சங்கம் கொடுக்க வேண்டும். அதோடு, கட்டிடத்துக்குள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு பிரதியை ஒட்டி வைக்க வேண்டும்.