அக்காமார் கலியாணங்களும் அண்ணாவின் மோதிரங்களும்

சென்ற ஆவணி மாதத்திற் பெரியக்காவின் பேத்தி ஒருத்திக்கு யாழ்ப்பாணத்து மண்டபமொன்றிற் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும், கால் கழுவ வேண்டிய தோழன் யார் என்று ஒரு கணம் குழப்பம் உண்டாயிற்று. மணமகள் ஒற்றைப் பிள்ளை. ஈற்றில், கனடாவிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தம்பி முறையான பையன் ஒருவன் முன்னே தள்ளப்பட்டான். அவன் குனிந்து இரண்டு சொட்டு நீர் தெளித்து நிமிர்ந்தபொழுது, படம் பிடித்தவர், "இன்னொருக்காக் கழுவுங்கோ, வடிவா விழேல்லை" என்றார். பையன் மறுபடியுங் குனிந்தான். மாப்பிள்ளை அணிவித்த மோதிரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு அப்பாற் போய்விட்டான்.

எல்லாருஞ் சிரித்தார்கள், நானுஞ் சிரித்தேன். ஆயினும் அன்று முழுவதும் என் மனம் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை.

நாங்கள் பிறந்தது எண்மர். மூத்தவர் அண்ணா. அவருக்குப் பின் பெரியக்கா, சின்னக்கா, குஞ்சக்கா, ஆசையக்கா என நால்வர், பின்னர் நான், எனக்குக் கீழே தங்கச்சியும் கடைக்குட்டித் தம்பியும். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, மணமகளின் சகோதரனே மாப்பிள்ளைத் தோழன். பந்தல் வாசலில் அவன் மாப்பிள்ளையின் பாதங்களைக் கழுவி, கைபிடித்து மணவறைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு பொன் மோதிரம் இடுவார். ஐவர் கலியாணத்திலும் அவ்வாறு குனிந்து கால் கழுவியவர் அண்ணா. ஐந்திலும் பக்கத்தே நின்று செம்பிலிருந்து நீர் வார்த்தவன் நான்.

முதற் கலியாணம் பெரியக்காவுடையது. ஆண்டு 1952, எனக்கு வயது எட்டு. கலியாணம் என்பது ஒரு நாட் காரியம் அன்று. மாப்பிள்ளை வீட்டிற் பொன்னுருக்கிய நாளிலிருந்தே எங்கள் வீடு வேறொரு வீடாயிற்று. முற்றத்தில் முள்முருக்கந் தடி நாட்டிக் கன்னிக்கால் ஊன்றினார்கள். கிடுகுப் பந்தல் எழுந்தது. குலையோடு வாழைகள் வந்தன. பலகாரச் சூட்டுக்கு ஊர்ப் பெண்கள் அனைவருங் கூடினர். பயித்தம்பணியாரம், அரியதரம், சிப்பி, முறுக்கு என்று கடகங் கடகமாய் நிறைந்தன. முதலிற் சுட்டது பிள்ளையாருக்கு. இரண்டாவது சுட்டது, ஆச்சியின் முந்தானைக்குள் மறைந்து, எனக்கு வந்தது. இணுவிலிலிருந்து மேளம் வந்தது. தவிலோசை இன்றுங் காதில் இருக்கிறது. ஆனால் அன்றிரவு முகூர்த்த வேளையில் நான் தூங்கிவிழுந்துகொண்டிருந்தேன் என்பதே உண்மை.

அக்காலத்துப் பந்தலை எண்ணி மகிழ்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பந்தலுக்கு வெள்ளை கட்டியவரும், தோரணந் தூக்கியவரும், விறகு பிளந்தவரும் எங்கள் பந்தியில் இருந்து உண்டதில்லை. வளவின் கோடியில் இலை போடப்பட்டது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. எங்கள் பந்திக்கு அது வரவில்லை. பலகார வாசனையோடு சேர்ந்து இதுவும் என் நினைவில் இருக்கிறது.

மாப்பிள்ளையின் கார் படலையில் நின்றது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அண்ணா வேட்டியை ஒதுக்கிக் குந்தினார். நான் நீர் முழுவதையும் ஒரே வீச்சிற் கவிழ்த்துவிட்டேன். மாப்பிள்ளையின் பட்டுவேட்டி நனைந்தது. ஐயாவின் முகஞ் சிவந்தது. அண்ணா மாத்திரம் தலை நிமிராமல், "ஒரேயடியா ஊத்தாதை தம்பி, கொஞ்சங் கொஞ்சமா வார்" என்றார். அவ்வார்த்தைகளை அதற்குப் பின் இன்னும் நான்கு முறை கேட்டேன்.

இவ்விடத்தில் காணியைப் பற்றிச் சொல்லாமற் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. ஐயா புகையிலைத் தோட்டக்காரர். அம்மாவின் சீதனமும் ஐயாவின் முதுசொமுமாக நாற்பது பரப்பு இருந்தது. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஒவ்வொரு கலியாணத்துக்கும் முன்னர் நொத்தாரிசு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து, சீதன உறுதியை உரத்து வாசிப்பார். பெரியக்காவுக்குப் பத்துப் பரப்புத் தோட்டம், சின்னக்காவுக்கும் குஞ்சக்காவுக்கும் எவ்வெட்டு, ஆசையக்காவுக்கு ஏழு. எஞ்சிய ஏழு பரப்பும் வீடும் தங்கச்சிக்கு. அவளுடைய உறுதியின் எல்லைகளை நொத்தாரிசு வாசித்தது நினைவிருக்கிறது. கிழக்கே சின்னக்காவின் பெயர், வடக்கே குஞ்சக்காவின் பெயர், மேற்கே ஆசையக்காவின் பெயர், தெற்கே ஒழுங்கை. ஐயாவின் பெயர் எந்த எல்லையிலும் இல்லை.

ஆண்பிள்ளைகளுக்குப் படிப்பே காணி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காணியையும் அண்ணாவே உழுதார். 1948இற் கொழும்பில் ஒரு கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்தவர், மாதந்தோறுங் காசுக்கட்டளை அனுப்பினார். காணியோடு நகையும் ரொக்கமும் வேண்டும். ரொக்கத்துக்கு 'டொனேசன்' என்று ஒரு நாகரிகப் பெயரும் இருந்தது. அதை வாங்கிய மாப்பிள்ளை வீட்டார், பெரும்பாலும் அதைத் தங்கள் பெண்ணுக்கே கொடுத்துக் கழித்தார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகும் பணம் எந்த வீட்டில் தொடங்கியது என்று கேட்டால், இன்னுங் கலியாணமாகாத ஒரு தமையனின் சம்பளத்தில் என்றுதான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தவரின் வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்தார். 1707இல் தேசவழமை சட்டக்கோவையாயிற்று. அதில் ஒரு விதி உண்டு. மணமாகாத ஆண்மக்கள் தேடிய பொருள் யாவும் குடும்பப் பொதுச் சொத்தைச் சேரும். தம் உடலில் அணிந்த பொன், வெள்ளி ஆபரணங்கள் மாத்திரம் அவர்களுடையன. சட்டம் 1911இலும் 1947இலும் மாற்றங் கண்டது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது பழைய சட்டந்தான். அதனினுங் கடுமையானது என்றே சொல்வேன். ஏனெனில், சட்டம் விலக்களித்த அந்த ஆபரணமும் அண்ணாவிடந் தங்கவில்லை.

பெரியக்காவின் மாப்பிள்ளை இட்ட மோதிரம் நான்கு ஆண்டுகள் அவர் விரலில் இருந்தது. 1956இற் சின்னக்காவின் காப்புக்குப் பொன் போதாமற் போனபொழுது, தட்டாரின் குகைக்குள் அது முதலாவதாய் இறங்கியது. அந்த ஆண்டிலேதான் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுக் கொழும்பு உறவினர் பலர் அதில் வந்திறங்கி, கலியாணத்தைக் காட்டிலும் புகையிரதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னக்காவின் கலியாணத்து மோதிரத்தின் கதை எனக்குத் தெரியாது. 1958 வைகாசிக் கலவரத்தின்பின் அண்ணா கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். கையில் ஒரு பழைய கன்வஸ் பை. விரலில் மோதிரம் இல்லை. அம்மா கேட்டார். "ஆள் வந்திருக்கிறன், நீங்கள் மோதிரத்தைத் தேடுறியள்" என்று சிரித்தார். இரண்டு மாதத்திற் கந்தோருக்குத் திரும்பிப் போனார். அந்நாட்களிற் குஞ்சக்காவுக்குப் பேசி நின்ற சம்பந்தம் ஒன்று கைநழுவியது. அவள் கலியாணம் வேறோரிடத்தில் 1960இல் நடந்தது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. அடைமழை பெய்து பந்தல் ஒழுகியதும், நனையாத ஒரே இடமான மணவறைக்குள் ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் புகுந்துகொண்டதுமே ஞாபகம்.

ஆசையக்காவின் கலியாணத்துக்கு வரும்பொழுது என் பேனா தயங்குகிறது. 1961 மாசியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் தொடங்கியபொழுது எனக்குப் பதினேழு வயது. பாடசாலை முடிந்ததும் அங்கே போய் உட்காருவேன். அரசாங்க ஊழியர் சிங்களத்திற் பரீட்சை எழுத வேண்டும், எழுதாதவர்க்குச் சம்பள உயர்வு இல்லை என்ற காலம் வந்தது. கேகாலைக் கச்சேரியில் இலிகிதராயிருந்த கோடீஸ்வரன் 1962இற் பரீட்சைக்குத் தோற்றவில்லை. உயர்வு மறுக்கப்படவே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. எங்கள் அண்ணா வழக்காடவில்லை. பரீட்சை எழுதினார். சித்தியும் எய்தினார்.

அவருடைய நண்பர்கள் சிலர் முகங்கொடுத்துப் பேசாது விட்டனர் என்று பின்னர் அறிந்தேன். நானும் அவர்களுள் ஒருவன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவரை நான், "வாங்கோ" என்றுங் கேட்கவில்லை. அவர் அனுப்பிய காசிலே பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டு, அவர் தன்மானம் இழந்தவர் என்று என் நாட்குறிப்பில் எழுதினேன். ஆசையக்காவுக்கு இருபத்துமூன்று வயது என்பதோ, தங்கச்சி சாமத்தியப்பட்டு வீட்டில் இருந்தாள் என்பதோ அந்த நாட்குறிப்பில் இடம்பெறவில்லை.

1964இல் ஆசையக்காவின் கலியாணம். குஞ்சக்காவின் கலியாணத்து மோதிரம் அவளுக்குத் தோடாக மாறியிருந்தது. நான் செம்புடன் நின்றேன். அண்ணா குந்தினார், தலையில் நரை கண்டிருந்தது. இரண்டு வருடமாக அவருடன் முகம் பார்த்துப் பேசாத நான், நடுங்கிய கையால் நீரைச் சாய்த்தேன். "ஒரேயடியா ஊத்தாதை தம்பி, கொஞ்சங் கொஞ்சமா வார்" என்றார், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் சொன்ன அதே குரலில். நாலாஞ் சடங்கு முடிந்த மறுநாள், நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு இலவசம், விடுதிக்கும் உடுப்புக்கும் புத்தகத்துக்கும் யார் கொடுப்பது? அண்ணா வந்து, காகிதத்திற் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பெட்டியின் மூலையில் வைத்துவிட்டுப் போனார். அது அவருக்கு நான்கு நாட்களுக்கு முன்னர் கிடைத்த மோதிரம். அதைக் கண்டியில் ஒரு கடையில் விற்றேன். அதற்காக நன்றி சொன்னேனா என்று எண்ணிப் பார்க்கிறேன், சொன்னதாக நினைவில்லை.

தங்கச்சியின் கலியாணத்துக்கென அம்மா அரிசிப் பானைக்குள் தாளாகச் சேர்த்து வைத்திருந்தார். 1970 ஐப்பசியில் நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் செல்லாவென்று அரசாங்கம் அறிவித்தபொழுது, அந்த இரகசியம் வெளிப்பட்டது. வங்கி வாசலில் ஐயாவும் நானும் வரிசையில் நின்று மாற்றினோம். மறு ஆண்டு சித்திரையிற் கிளர்ச்சி. இரவில் ஊரடங்குச் சட்டம். ஆகவே வைகாசியில் நடந்த தங்கச்சியின் கலியாணத்துக்குப் பகல் முகூர்த்தமே வைக்கப்பட்டது. பகல் வெளிச்சம் இரக்கமற்றது. மாப்பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு, தோழனுக்கு நாற்பத்துமூன்று. தோழனாக என்னை நிறுத்தலாம் என்று அம்மா மெல்லச் சொன்னார். தங்கச்சி ஒப்பவில்லை: "எல்லாருக்கும் அண்ணாதானே கழுவினவர், எனக்கும் அவர்தான்." அண்ணா குந்திய பின் எழும்புவதற்கு என் தோளைப் பிடித்தார். மாப்பிள்ளை இட்டது சிவப்புக்கல் வைத்த மோதிரம். அது அண்ணாவின் விரலில் இறுக்கமாயிருந்தது.

அடுத்த ஆண்டு, 1972இல், அண்ணாவுக்குக் கலியாணம். மணமகள் ஓர் ஆசிரியை. தம்பியரையுந் தங்கையரையுங் கரையேற்றிவிட்டுத் தாம் நின்றவர், வயது நாற்பத்துநான்கு. சீதனப் பேச்சு எழவே இல்லை, ஐயா ஏதோ கேட்க வாயெடுத்தபொழுது, "இனி ஆருக்குக் குடுக்க?" என்று அண்ணா சொன்னாராம். பந்தல் சிறியது. பலகாரமுங் கொஞ்சம்.

பெண்வீட்டுப் படலையில் அண்ணா தலைப்பாகையோடு நின்றார். நான் முதன்முறையாகச் செம்பு இல்லாத கையுடன், மாப்பிள்ளைப் பக்கத்தில் நின்றேன். மணமகளின் தம்பி கால் கழுவக் குந்தினார். செம்பு ஏந்தியவன் அவருடைய மகன். ஏழு எட்டு வயது இருக்கும். பயத்தில் அவன் செம்பை முழுவதுங் கவிழ்த்துவிட்டான். அண்ணாவின் வேட்டி முழங்கால்மட்டும் நனைந்தது. தகப்பனார் அவனை அடிக்கக் கையோங்கினார். அண்ணா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தபடியே, தம் விரலிலிருந்த சிவப்புக்கல் மோதிரத்தைச் சிரமப்பட்டுக் கழற்றி அதன் விரலொன்றில் மாட்டினார். பிறகு குனிந்து பையனிடம், "காணும் தம்பி, நல்லா வாத்தனி" என்றார்.