யூரின் பேக்கில் வங்காள நீலம்

1859-இல் வங்காளத்து உழவர்கள், இனி அவுரி விதைக்க மாட்டோம் என்று நீலத் தோட்டத் துரைமார்களிடம் முரண்டு பிடித்து நின்றார்கள். அந்தத் துரைமார்களின் கொடுமைகளை வைத்து தீனபந்து மித்ரா எழுதிய ‘நீல் தர்ப்பண்’ நாடகம் அடுத்த ஆண்டு வெளியானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861-இல் கல்கத்தாவில் ஒரு மாதச் சிறை கிடைத்தது. இவ்வளவு ரகளைக்கும் காரணமான அவுரியின் நீலச் சாயம் (இண்டிகோ), செடியே இல்லாமல் உருவாகும் இடம் ஒன்று உண்டு. நோயாளியின் கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக்!

நெடுநாளாகச் சிறுநீர்க் குழாயோடு படுத்திருக்கும் முதியவர்களின் பை, சில சமயம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். வீட்டார் பதறிப்போவார்கள். நடப்பது இதுதான். உணவிலுள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்றுகின்றன. மலச்சிக்கல் இருந்தால் இது கூடும். கல்லீரல் அதை மேலும் மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. குழாயில் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது நீல இண்டிகோவும் சிவப்பு இண்டிருபினும் பிறக்கின்றன. இரண்டும் கலந்தால் ஊதா. நிறத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் உள்ளே கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் குழாய்க்கு ஃபோலி கத்தீட்டர் என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி 1930-களில் உருவாக்கியது. அதன்மேல் 16 என்று போட்டிருந்தால் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். விட்டம் ஏறக்குறைய 5.3 மில்லிமீட்டர். முனையருகே ஒரு சிறு பலூன். உள்ளே போனதும் அதில் நீரை நிரப்பினால் குழாய் நழுவாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், கோளாறும் அதில்தான். வடியும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால் சிறுநீர்ப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தேங்கி நிற்கும். கிருமிகளை அடித்துக்கொண்டு போகும் இயல்பான வேகமும் இல்லை.

குழாயின் சுவரில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலம் கட்டுகின்றன, குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல. ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக இறங்காது. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரமாகி, உப்புகள் படிந்து, குழாயே அடைத்துக்கொள்ளும். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும்.

இதனால்தான், பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுப்பது பெரும்பாலும் வீண். மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதுதான் மிச்சம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பழைய குழாயை மாற்றுவதும் அப்போது சிகிச்சையில் சேரும்.

பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள், இணைப்பைக் கழற்றாதீர்கள், தொடுமுன் கை கழுவுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தினமும் தயங்காமல் கேளுங்கள்: “இந்த ட்யூப் இன்னும் வேணுமா, டாக்டர்?”