ரோந்து வண்டி வந்தால் திருட்டு குறையுமா?

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், பாதுகாப்பு பற்றிய பேச்சு கடைசியில் மூன்று கோரிக்கைகளில் வந்து நிற்கும். போலீஸ் ரோந்து அதிகமா வேணும். தெருவுக்குத் தெரு கேமரா வேணும். வெளியாட்கள் யாராவது வந்தால் நிறுத்தி விசாரிக்கணும். மூன்றுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவற்றால் உண்மையிலேயே பலன் உண்டா என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வருஷமாக அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். காவல்துறையோடு எனக்கு உள்ள தொடர்பு பாஸ்போர்ட் விசாரணையோடு சரி. ஆனால் எண்களைக் கண்டால் தோண்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. கடந்த சில மாதங்களாகப் படித்ததை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கன்சாஸ் சிட்டியில் நடந்தது

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972 அக்டோபரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். நகரின் தெற்குப் பகுதியில் 15 ரோந்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஐந்து ஐந்தாக மூன்று கூறு போட்டார்கள். முதல் ஐந்தில் வழக்கமான ரோந்தே கிடையாது. யாராவது போன் செய்தால் மட்டும் வண்டி போகும். இரண்டாவது ஐந்தில் எப்போதும் போல ஒரு வண்டி. மூன்றாவது ஐந்தில் வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ரோந்து. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ரோந்து இல்லாத இடத்தில் திருட்டு கூடவில்லை. மூன்று மடங்கு ரோந்து இருந்த இடத்தில் குறையவும் இல்லை. மக்களின் பயத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதில் பெரிய வேடிக்கை, ரோந்து கூடியதோ குறைந்ததோ அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

யோசித்தால் ஆச்சரியமில்லை. ஒரு வண்டி உங்கள் வீட்டைக் கடக்க எடுத்துக்கொள்வது பத்து விநாடி. மிச்ச நேரம் முழுக்க உங்கள் தெருவில் யாரும் இல்லை. பத்து விநாடியை முப்பது விநாடி ஆக்கினால் திருடனுக்கு என்ன வந்தது?

வண்டியில் போவதற்குப் பதிலாக நடந்து போனால்? 1970களின் கடைசியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் அதையும் பார்த்தார்கள். நடை ரோந்தால் குற்ற எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் மக்கள் அதைக் கவனித்தார்கள், பயம் குறைந்தது, காவல்துறை மேல் மதிப்பு கூடியது. பயம் குறைவதும் ஒரு பலன்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலுக்கு வராத ஒரு பாட்டி, எட்டு மணி வரை வெளியே உட்காரலாம் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

எல்லா இடமும் ஒன்றல்ல

இந்தக் குழப்பத்துக்கு வழிகாட்டியது மினியாபொலிஸ் நகரம். லாரன்ஸ் ஷெர்மனும் அவரது சகாக்களும் அந்த நகரக் காவல்துறைக்கு ஒரு வருஷத்தில் வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்து 1989இல் வெளியிட்டார்கள். நகரத்தின் முகவரிகளிலும் தெருமுனைகளிலும் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் எல்லா வரியையும் திருத்த மாட்டோம். எந்த இடத்தில் நேரம் போகிறது என்று அளந்து, அந்த நாலு வரியை மட்டும் சரிசெய்வோம். குற்றமும் அப்படித்தான் இருக்கிறது. "மோசமான ஏரியா" என்று நாம் முத்திரை குத்தும் பேட்டையிலும் பெரும்பாலான வீடுகள், முனைகள் அமைதியாகத்தான் இருக்கும். ஒரு சந்து, ஒரு பஸ் ஸ்டாப், ஒரு கடை வாசல் என்று சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப நடக்கும்.

அதே நகரத்தில் அடுத்துச் செய்த சோதனையில், காவலர் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்றால் பலன் என்றும் கணக்கெடுத்தார்கள். சும்மா கடந்து போவதால் பெரிய உபயோகமில்லை. பத்திலிருந்து பதினைந்து நிமிஷம் நின்றால், அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடம் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் நிற்பதில் கூடுதல் லாபம் குறைவு.

2009 கோடையில் பிலடெல்பியா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. வன்முறை அதிகமுள்ள 120 சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் 60 இடங்களுக்கு மட்டும் நடை ரோந்து கொடுத்தார்கள். 12 வாரத்தில் அந்த இடங்களில் வன்முறைக் குற்றம், மற்ற 60 இடங்களோடு ஒப்பிடும்போது, 23 சதவீதம் குறைந்தது. நியூவார்க்கில் எடுபடாத நடை ரோந்து இங்கே எடுபட்டதற்கு முக்கியக் காரணம், சரியான இடத்தில் நடந்தார்கள் என்பதே. காவலர்களை விலக்கிய பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"இங்க விரட்டினா பக்கத்துத் தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே" என்று கேட்பீர்கள். ஜெர்சி சிட்டியில் இதையே தனியாக ஆராய்ந்தார்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அது நடக்கவில்லை. சுற்றியுள்ள தெருக்களிலும் கொஞ்சம் குறையவே செய்தது. திருட வசதியான இடம் எல்லா முனையிலும் கிடைப்பதில்லை.

காசு போடும் மீட்டர்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தில், ரோச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. சுமார் 2,300 வாடகை வீடுகள். 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது தலைவிரித்தாடியது. ஆய்வாளர்கள் வந்ததும் கூடுதல் போலீஸ் கேட்கவில்லை. திருடுபோன வீட்டுக்காரர்களிடமும், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும், பிடிபட்ட திருடர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள்.

இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, அந்த வீடுகளில் மின்சாரத்துக்கும் கேஸுக்கும் காசு போட்டு ஓட்டும் மீட்டர்கள் இருந்தன. ஏறக்குறைய பாதித் திருட்டுகளில் மீட்டரை உடைத்துக் காசு எடுத்திருந்தார்கள். இரண்டாவது, ஒருமுறை திருடுபோன வீட்டில் மறுபடியும் திருடுபோகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் சீக்கிரமே.

அதனால் காசு மீட்டர்களை எடுத்துவிட்டு வேறு மாற்றினார்கள். திருடுபோன வீட்டில் பலவீனமான கதவு, ஜன்னலைப் பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும், "கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டு மேல ஒரு கண்ணு வைங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் வீட்டுத் திருட்டு 75 சதவீதம் குறைந்தது.

ஊர் முழுக்க எல்லாரையும் கண்விழிக்கச் சொல்லவில்லை. எங்கே, எதற்காக, எப்போது என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் கை வைத்தார்கள். மீட்டர் சங்கதியை எந்த ரோந்து வண்டியும் கண்டுபிடித்திருக்காது. அங்கே குடியிருந்தவர்களின் வாயிலிருந்துதான் வந்தது.

நம்ம தெரு கணக்கில் இருக்கிறதா?

நம் ஊரிலும் பீட் முறை உண்டு. வங்கி, கோயில், ஏடிஎம் பக்கம் தொங்கும் பட்டா புத்தகத்தில் ரோந்துக் காவலர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கேரளாவில் 2008இல் ஜனமைத்ரி என்ற பெயரில், பீட் காவலர் வீடு வீடாகப் போய்ப் பழகும் திட்டமே தொடங்கினார்கள். அமைப்பு இருக்கிறது. அந்தக் காவலர் எங்கே நிற்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி. பதிவான புகார்கள்தான் தீர்மானிக்க முடியும்.

எங்கள் பேட்டை வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளில் திருட்டு, பறிப்பு, சீண்டல் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி எக்செல்லில் போட்டேன். விளக்கு எரியாத ஒரு சந்தும், ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் சுவரோரமும் திரும்பத் திரும்ப வந்தன. பிறகு சம்பந்தப்பட்டவர்களிடம், "புகார் கொடுத்தீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். பலர் கொடுக்கவே இல்லை. "போனது கவரிங் செயின்தான் சார்." "நாலு தடவை நடக்க விடுவாங்க." "பொண்ணு விஷயம் அண்ணே, வெளிய தெரிய வேணாம்."

மூன்றுக்கும் காரணம் புரிகிறது. ஆனால் அதன் விளைவு என்ன? நமக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சந்து, ஸ்டேஷன் கணக்கில் வெறும் சந்து. ஒன்றும் நடக்காத இடம். அடுத்த வாரம் அதே வழியாக டியூஷன் போகும் இன்னொரு பெண்ணுக்கு அதன் விலை தெரியும்.

புகார் கொடுக்கப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு மட்டுமே. தேசியக் குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். மட்டும்தான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலிருந்தே தெரிந்தால், வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சில வகைக் குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கேமராவும் விளக்கும்

கேமரா பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: வண்டி நிறுத்துமிடங்களில் நல்ல பலன், தெருச் சண்டை, வன்முறை போன்றவற்றில் பெரிதாக இல்லை. யாராவது உட்கார்ந்து பார்த்தால் பலன் கூடும். நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்கக் கேமரா உதவும் என்பது வேறு விஷயம். அதை மறுக்கவில்லை.

விளக்குக்கு இவ்வளவு விளம்பரம் இல்லை. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பிரகாசமான விளக்குக் கோபுரங்கள் வைத்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் 36 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. சந்தா போட்டுக் கேமரா வாங்கும் முன், எரியாத தெருவிளக்கின் கம்பத்து எண்ணைக் குறித்து உள்ளாட்சியில் புகார் கொடுங்கள். அதற்குச் செலவு ஒரு போன் கால்.

கண்ணாக இருக்கலாம், கையாக வேண்டாம்

மூன்றாவது கோரிக்கைதான் ஆபத்தானது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. வயதான ஒரு பெண் உயிரிழந்தார். அடித்தவர்கள் தங்கள் ஊரைப் பாதுகாப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காவல்துறையே தன்னார்வலர்களைச் சேர்த்தாலும் எல்லை வேண்டும். 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே தமிழக அரசு அதற்குத் தடை போட்டது.

கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க உரிமை இல்லை. "பார்க்க ஒரு மாதிரி இருக்கான்" என்பதற்காகப் பிடித்து வைக்கவும் உரிமை இல்லை.

என்ன செய்யலாம்?

நான் படித்ததை வைத்து எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

நடந்த சம்பவங்களை இடம், கிழமை, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆட்களின் சாதி, மொழி, தோற்றம் பற்றிய ஊகம் அதில் வேண்டாம்.

சின்னத் திருட்டானாலும் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயங்குபவரோடு சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போங்கள். பெண்கள் தயங்கினால் 181இல் பேசலாம் என்று சொல்லிக் கொடுங்கள். அவசரம் என்றால் 112. ஆன்லைனில் பணம் போனால் 1930.

ஒரு வீட்டில் திருடுபோனால், அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் கவனித்துக்கொள்ள ஐந்தாறு பேர் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பீட் காவலரைப் பார்த்தால், "ரோந்து அதிகமா வாங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "வியாழன், வெள்ளி சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுக்குள் இந்தச் சந்து முனையில் பத்து நிமிஷம் நில்லுங்க சார்" என்று கேளுங்கள். முதல் கோரிக்கைக்கு அவர் தலையாட்டிவிட்டுப் போகத்தான் முடியும். இரண்டாவதை அவரால் செய்ய முடியும். செய்தாரா இல்லையா என்று நம்மாலும் பார்க்க முடியும்.