விண்ணை நோக்கும் நம் தென்கடற்கரை

இராமநாதபுரம் சீமை என்றவுடன் பிறர் நினைவுக்கு வருவன வறண்ட கண்மாயும், கருவேலங் காடும், உப்பளமும், கருவாடும்தான். ஆயினும் இந்தியாவின் விண்வெளிக் கதையை எழுதப் புகுவோர் எவரும் நம் கடற்கரையைத் தொடாமல் எழுத இயலாது. விமானமும் ராக்கெட்டும் செய்யும் தொழிலில் நம் தென்பகுதிக்கு உள்ள வலிமைகள் யாவை? நம்மிடம் உள்ள குறை யாது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதல் வலிமை: கல்வி

இராமேசுவரத்தில் ஒரு படகுக்காரரின் இல்லத்தில் 1931 அக்டோபர் 15-இல் பிறந்தார் அப்துல் கலாம். அவருடைய தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பின்பு மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அன்றே தம் உள்ளத்தில் பறக்கும் ஆசை வேரூன்றியதாகக் கலாம் பிற்காலத்தில் கூறியுள்ளார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி தூய வளனார் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. எனப் படிப்படியாக உயர்ந்த அவர், 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தார். ஒரு தொழிலின் முதல் மூலதனம் இயந்திரம் அன்று. நல்லாசிரியரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டாம் வலிமை: இருப்பிடம்

பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமம் ராக்கெட் தளத்திற்கென தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த புனித மகதலேன் மரியாள் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகையும் இறைமக்களும் இசைந்தனர். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து எழும்பியது. அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

இப்பொழுது வாய்ப்பு நம் பக்கம் வந்துள்ளது. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பல, வடதுருவம் தென்துருவம் வழியாகச் சுற்றுகின்றன. அவற்றை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே ஏவினால் வழியில் இலங்கை குறுக்கிடும். எரிந்து கழியும் பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழலாகாது. ஆகையால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பின்பு தெற்கே திரும்ப வேண்டும். இத்திருப்பத்திற்கு எரிபொருள் செலவாகிறது. செலவாகும் அளவுக்குச் சுமக்கும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு இது பேரிழப்பு.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலோ தெற்கே நோக்கினால் கடல்தான். அண்டார்க்டிகா வரை குறுக்கே பெருநிலம் இல்லை. எனவே 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்தில் சேர்க்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டுக்காக, அங்கே இரண்டாவது ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

மூன்றாம் வலிமை: கைத்திறன்

ராக்கெட் ஒரே பட்டறையில் உருவாவதில்லை. திரவ எரிபொருள் இயந்திரங்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் வார்ப்படமும் பம்பும், திருச்சியில் பற்றவைப்பும், ஓசூரில் நுண்ணிய உதிரிபாகங்களும், சென்னையில் மின்னணுக் கருவிகளும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய தொழில்கள். இவ்வூர்களோடு சேலத்தையும் இணைத்தே, 2018-இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைந்தது. வான்வெளித் தொழிலுக்கென 2022-இலும், விண்வெளித் தொழிலுக்கென 2025-இலும் தமிழக அரசு தனித்தனிக் கொள்கைகளை வகுத்தது.

நமக்கு என்ன பயன்?

1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. அன்று மேலிருந்து புயலைக் கவனித்துச் சொல்ல நமக்கென ஒரு செயற்கைக்கோள் இல்லை. இன்று புயல் உருவாகும்போதே இன்சாட் செயற்கைக்கோள்கள் படமெடுத்து அனுப்புகின்றன; படகுகள் கரை திரும்புகின்றன. கடல் நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் கண்டு மீன் கூடுமிடத்தையும் அறிவிக்கின்றனர். விண்வெளித் தொழில் என்பது பணக்கார நாட்டின் விளையாட்டன்று. கடலுக்குச் சென்ற தந்தை வீடு திரும்பும் காரியம்.

குறையும் கடமையும்

உண்மையையும் மறைக்கலாகாது. மேற்சொன்ன வழித்தடத்தின் ஐந்து ஊர்களில் நம் மாவட்டத்து ஊர் எதுவும் இல்லை. உச்சிப்புளியில் 2009 முதல் 'பருந்து' என்ற பெயர் தாங்கிய கடற்படை விமானத் தளம் உண்டு; ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேலை தரும் விமானத் தொழிற்சாலை இல்லை. வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களை மத்திய அரசு 2018-இல் பட்டியலிட்டபோது, தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமுமே. ராக்கெட் ஏவும் நேரத்தில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் படகுகள் செல்லக்கூடாது என்பதும் மீனவர்க்குச் சுமையே. தும்பாவில் நிலத்தையும் ஆலயத்தையும் கொடுத்தவர்கள் மீனவ மக்கள். கொடுப்பவர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்துவிடலாமா? கூடாது. அவர்கள் உள்ளே சென்று பணிபுரிய வேண்டும். அதற்குத் திறவுகோல் படிப்பே.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. "பெண்பிள்ளைக்குக் கணக்கும் பௌதிகமும் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அரியலூரில் பெண்கள் பள்ளியில் பயின்ற வளர்மதி, 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 என்னும் ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநரானார். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-இல் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தினார். இருவரும் நம்மைப் போன்ற சிற்றூர்ப் பெண்களே.

எல்லாரும் விஞ்ஞானியாக வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்பு கற்றவரும், பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயின்றவரும் ராக்கெட்டுக்கு இன்றியமையாதவர்களே. ஒரு பற்றவைப்பில் நேரும் பிழையும் முழு ராக்கெட்டையும் வீழ்த்திவிடும். ஆகவே மாணவியரே, இன்றைய கணக்கை நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது ஒரு மில்லிமீட்டரையும் அலட்சியம் செய்யாதீர்கள். கடலும் காற்றும் இறைவன் நம் கரைக்குத் தந்த கொடை. அவற்றை வலிமையாக்குவது நம் கையில் உள்ளது.