கடிதத்தைக் கணினி வாசிக்கும் விதம்



தோட்டத்து வீட்டுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால், அந்நாளில் கிராணியைத் தேடிப் போவார்கள். இன்று கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் நிரல் எழுதப் பழகிய ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அக்கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுக்கு அனுப்பிப் பொருள் கேட்கலாம். அது எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

நிரல் என்பது கணினிக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளை. அது அனுப்பும் செய்தியில் மூன்று பொருள்கள் இருக்கும். ஒன்று, கடிதத்தின் கோப்பு. இரண்டு, நம் கேள்வி. மூன்று, நம் கணக்குக்குரிய இரகசியச் சாவி. இச்சாவி பிறர் கையில் சிக்கினால், அவர் பயன்படுத்துவதற்கும் கட்டணம் நம் கணக்கில் விழும். ஆகவே அதை யாருக்கும் காட்டக் கூடாது.

கோப்பின் உள்ளே இருப்பவை வெறும் எண்கள். செய்தியோ எழுத்தாகப் போகிறது. ஆகவே நிரல் அந்த எண்களை எழுத்தாக மாற்றுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, கூட்டல் குறி, சாய்கோடு ஆக 64 குறிகள். இதனால் இம்முறைக்கு 'பேஸ் 64' என்று பெயர். மூன்று எண்களுக்கு நான்கு எழுத்து என்பது கணக்கு. எனவே 3 மெகாபைட் கோப்பு 4 மெகாபைட்டாகப் பருத்துவிடும். ஒரே கோப்பைப் பற்றிப் பல முறை கேட்க வேண்டுமானால், அதை ஒரு தடவை ஏற்றி வைத்து, அதற்குக் கிடைக்கும் அடையாளக் குறியை மட்டும் அனுப்பும் வழியும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தாக மாற்றுவது பூட்டுப் போடுவதாகாது. யாரும் அதைத் திரும்பக் கோப்பாக்கலாம். அனுப்பிய கடிதம் நம் வீட்டுக் கணினியை விட்டு, ஒரு நிறுவனத்தின் தொலைதூரக் கணினிக்குப் போய்விடுகிறது. நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், சிலாங்கூருக்கு 10. எண் ஒன்றே இவ்வளவு சொல்லிவிடும். ஆதலால் கேள்விக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் தாளிலேயே காகிதம் வைத்து மறைத்துப் படமெடுங்கள். கணினியில் கறுப்புக் கட்டம் வரைந்தால், சில வகைக் கோப்புகளில் அடியிலுள்ள எழுத்து அப்படியே தங்கிவிடும்.

வரும் பதிலையும் அப்படியே நம்பிவிடலாகாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு இழப்பீடு எவ்வளவு என்பதை 1980ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். 2013இல் சேர்ந்து 2025இல் நிறுத்தப்பட்டவருக்கு 12 ஆண்டு. ஆகவே 240 நாள் சம்பளம். மங்கிய தாளில் 2013 என்பதைக் கணினி 2018 என்று படித்துவிட்டால், 7 ஆண்டு, 140 நாள் என்று கணக்குப் போடும். ஓர் இலக்கம் பிசகியதில் 100 நாள் சம்பளம் மறைந்து போகும்!

ஆகவே கேட்கும்போதே, "எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இது உள்ளது?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். அந்த வரியை மூலத் தாளோடு ஒப்பிடுங்கள். தேதியையும் தொகையையும் இருவர் சேர்ந்து பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கடிதத்தைக் காட்டுங்கள். மூலத் தாளை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள். வழக்கு என்று வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.