தேதியில்லாத வரிக் கணக்கு

2025-ஆம் வருஷக் கோடையில் என் தங்கை மகன், தான் கட்ட வேண்டிய வருமான வரி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் பொருட்டு, இணையத்தில் கிடைக்கும் இரண்டு வரிக் கால்குலேட்டர்களில் ஒரே தொகையை இட்டுப் பார்த்தான். கழிவுகளெல்லாம் போக அவனுடைய வருமானம் 12,10,000 ரூபாய். ஒன்று, வரி 63,960 ரூபாய் என்றது. மற்றொன்று 10,400 ரூபாய் என்றது. “இரண்டும் கம்ப்யூட்டர் போட்ட கணக்குத்தானே, மாமா? எதை நம்புவது?” என்று அவன் கேட்டான். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப் பிரகாரம் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000 ரூபாய். மிஞ்சி நின்ற பத்தாயிரத்துக்கு 15 சதவீதம், 1,500 ரூபாய். ஆக 61,500. இதன்மேல் 4 சதவீத செஸ் 2,460 ரூபாயைக் கூட்டினால் 63,960 வருகிறது. முதல் கால்குலேட்டர் இவ்வளவோடு தன் வேலை தீர்ந்ததென்று நின்றுவிட்டது. ஆனால் 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரியே இல்லாமற் செய்த சட்டம், அந்த எல்லையைப் பத்தாயிரம் ரூபாயால் மட்டும் தாண்டிய ஒருவரிடம் அறுபதாயிரத்துக்கு மேல் வசூலிப்பது அநியாயமாகும் என்பதையும் யோசித்து, எல்லையைத் தாண்டிய தொகை எவ்வளவோ அதற்கு மேல் வரி போகலாகாது என்று ஒரு வரம்பும் கட்டியிருக்கிறது. ஆடிட்டர்கள் இதை மார்ஜினல் ரிலீஃப் என்பார்கள். அதன்படி வரி 10,000, செஸ் 400. இரண்டாவது கால்குலேட்டர் சொன்னதே சரி. ஏறக்குறைய 12,70,000 ரூபாய் வருமானம் வரை இந்தச் சலுகை உண்டு என்பதால், முதல் கால்குலேட்டரை நம்பிக் கலங்கியவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

கூட்டலும் பெருக்கலும் இயந்திரத்துக்கு எளிய காரியம். விகிதங்களை ஒரு பட்டியலாக எழுதி வைப்பதும் கஷ்டமன்று. அந்த விகிதம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையில், யாருக்கு, எந்த நிபந்தனையோடு செல்லும் என்பதை விடாமல் கவனித்து எழுதி வருவதுதான் கால்குலேட்டரைப் பேணும் தொழிலின் பெரும் பாரம். நிதியாண்டுக்கு ஒரு முறை திருத்தினால் போதுமே என்று நினைப்பவர்கள், 2024 ஜூலை 23-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் வாங்கிய ஷேர்களைக் குறுகிய காலத்தில் விற்றுக் கிடைத்த லாபத்துக்கு அதற்கு முதல் நாள் வரை 15 சதவீத வரி. அன்று முதல் 20 சதவீதம். ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு சட்டம். விற்ற தேதியைக் கேட்காமல் லாபத்தை மட்டும் கேட்கிற கால்குலேட்டர் எதுவாயினும், அந்த வருஷத்துக்கு அது பிரயோஜனமில்லை.

ஒரு நாட்டுக்கே இவ்வளவு என்றால், பல நாடுகளுக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்ல முன்வருகிறவர்களின் நிலைமையை என்னவென்பது! நமக்கும் இலங்கைக்கும் வரி ஆண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலை 1-இல். அமெரிக்காவில் ஜனவரி 1-இல். பிரிட்டனிலோ, 1752-இல் பஞ்சாங்கத்தைத் திருத்திப் பதினோரு நாட்களை நீக்கியதன் எச்சமாக, ஏப்ரல் 6-இல். இலங்கையில் 2022-23 வரி ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களுக்கு ஒரு விகிதமும், 2023 ஜனவரி முதலான மூன்று மாதங்களுக்கு வேறொரு விகிதமும் அமலாயின.

அதே வருஷம் பிரிட்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் தேசிய காப்புறுதிச் சந்தா 2022 ஏப்ரலில் 12 சதவீதத்திலிருந்து 13.25 சதவீதமாக உயர்ந்தது. ஜூலை 6-இல், சந்தா தொடங்கும் சம்பள எல்லை ஆண்டுக்கு 9,880 பவுனிலிருந்து 12,570 பவுனாக ஏறியது. நவம்பர் 6-இல் விகிதம் மறுபடி 12 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த மாறுதல்களுக்கு நடுவே, செப்டம்பர் 23-ஆம் தேதி நிதி மந்திரி குவாஸி குவார்ட்டெங், அடுத்த ஏப்ரல் முதல் 45 சதவீத உச்ச வரி விகிதம் நீக்கப்படும் என்று பார்லிமெண்டில் பிரகடனம் செய்தார். பத்து நாட்களுக்குள், அக்டோபர் 3-ஆம் தேதி, அது வாபஸாயிற்று. அந்தப் பேச்சைக் கேட்டவுடன் அவசரப்பட்டு 45-ஐ அழித்தவர்களுடைய கால்குலேட்டர், என்றைக்குமே சட்டமாகாத ஒரு சட்டத்தின்படி கணக்குச் சொல்லியிருக்கும். அடுத்த ஏப்ரல் வந்தபோது அந்த 45 சதவீதம் நீடித்தது மட்டுமன்றி, அது தொடங்கும் எல்லையும் 1,50,000 பவுனிலிருந்து 1,25,140 பவுனுக்குத் தாழ்ந்தது.

மந்திரியின் வாக்கு ஒன்று, சட்டத்தின் வாசகம் ஒன்று; கால்குலேட்டரைப் பேணுகிறவர் இரண்டாவதற்கே கட்டுப்பட்டவர். ஆனால் சட்டமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையில் அமலுக்கு வரவேண்டுமென்று 2019-இலேயே சட்டமாக்கப்பட்ட வரிக் குறைப்பு, அந்த நாள் வருவதற்குச் சில மாதங்களே இருக்கையில் திருத்தப்பட்டு வேறு விகிதங்களோடு வந்தது. அமெரிக்காவில் 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம், தனிநபருக்குரிய நிலையான கழிவை 15,000 டாலரிலிருந்து 15,750 டாலராக, பாதி கழிந்துபோன அந்த வருஷம் முழுமைக்குமே உயர்த்திவிட்டது.

ஆகவே தேர்ந்தவர்கள் பழைய விகிதத்தை அழித்து அதன் இடத்தில் புதியதை எழுதுவதில்லை; பழையதற்கு முடிவுத் தேதியிட்டு, அதன் கீழே புதியதைத் தொடக்கத் தேதியோடு எழுதுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய கணக்குக்கு இன்று நோட்டீஸ் வருகிறவருக்கு அன்றைய சட்டம்தானே வேண்டும்?

வரி இலாகாவின் சொந்த மென்பொருளே வழக்கு மன்றம் வரை போன கதையும் நம் நாட்டில் உண்டு. 2023-24 நிதியாண்டுக்கான ரிட்டன்களை ஜனங்கள் தாக்கல் செய்துகொண்டிருந்த சமயத்தில், 2024 ஜூலை 5-ஆம் தேதி மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதற்கு முன் தாக்கல் செய்தவர்களுக்கு, ஷேர் விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்தின் மீதான வரியிலும் 87ஏ தள்ளுபடி கிடைத்து வந்தது. பின்னால் வந்தவர்கள் அதைக் கேட்கவே மென்பொருள் இடங்கொடுக்கவில்லை. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தாமதமாகத் தாக்கல் செய்யும் ரிட்டன்களுக்கான காலக்கெடு 2025 ஜனவரி 15 வரை நீண்டது. உரிமை உண்டா இல்லையா என்பது வேறு விசாரணை, கோரிக்கை வைக்கவே ஒட்டாமல் ஒரு மென்பொருள் தடுக்கலாகாது என்ற நியாயத்தை நீதிமன்றம் நிலைநாட்டியது. அதன்பின் 2025-26 நிதியாண்டு முதல் அத்தகைய வருமானத்துக்குத் தள்ளுபடி இல்லையென்று சட்டமே தெளிவாக்கப்பட்டது.

இந்தச் சங்கடத்துக்கு மற்ற தேசங்கள் கண்ட பரிகாரங்களில் இரண்டு என் மனத்தைக் கவர்ந்தன. ஜெர்மனியின் நிதி அமைச்சகம், சம்பளத்தில் பிடிக்க வேண்டிய வரியைக் கம்ப்யூட்டர் எந்த வரிசையில் எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதைப் படிப்படியான வரைபடமாகவே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பிரான்ஸ் தேசத்தார் 2016-இல், வருமான வரியைக் கணக்கிடத் தங்கள் வரி இலாகா உபயோகிக்கும் மென்பொருளின் மூலத்தையே ஊரறிய வெளியிட்டார்கள். அங்கே பிறந்த ஓப்பன்ஃபிஸ்கா என்ற பொதுமென்பொருளில் ஒவ்வொரு விகிதமும் தன் தேதியோடுதான் பதிவாகிறது. வேறு நாட்டாரும் தங்கள் சட்டத்தை அதில் எழுதிக்கொள்ளலாம்.

கால்குலேட்டரைத் திறக்கும் வாசகர்கள், அது எந்த ஆண்டின் சட்டத்தைச் சொல்கிறது, கடைசியாக என்று திருத்தப்பட்டது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். இவ்விரண்டும் குறிக்கப்படாத இடத்தில் உங்கள் சம்பளத்தை இட்டுப் பார்ப்பது வீண். வருமான வரி இலாகாவின் இணையதளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது, அதில் வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். சர்க்காரிடமும் ஒரு விண்ணப்பம். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன, ‘வரி ஆண்டு’ என்ற புதுப் பெயரும் வருகிறது. ஆனால் 2025-26 வருமானத்துக்கான ரிட்டனைப் பழைய சட்டப்படியே தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு சட்டங்களும் அருகருகே நிற்கும் இந்தச் சமயத்திலாவது, கணக்கிடும் முறை முழுவதையும், ஒவ்வொரு விகிதத்துக்கும் தேதி போட்டு, யாரும் எடுத்துச் சரிபார்க்கத்தக்க வடிவில் இலாகா வெளியிட வேண்டும்.